வாசலக்காவின் முத்தச் சோதனை

மூக்கு ஒழுகாத குழந்தைகள் நிறைந்த ஒரு காலைப்பொழுது இந்த உலகத்தில் எப்போதாவது விடிந்ததுண்டா என்று வாசலக்காவைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்திருக்கலாம், அன்று எனக்கு விடுமுறை, அதனால் பார்க்கவில்லை என்பாள். அவளுக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் காலைதோறும் நின்று, எந்தக் குழந்தை உள்ளே வரலாம், எது வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் பெரும் பொறுப்பு அவளுடையது. அதனால் வாசலக்கா.

அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரமாகச் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை தொங்கியது. காய்ச்சல், வாந்தி, பேதி, கண் சிவப்பு இருந்தால் குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெற்றோர் அதன் ஆணியில் குடையை மாட்டுவார்கள். அதை எழுதி மாட்டிய, காப்பகத்தை நடத்தும் மேடம்தான் அதை முதலில் மீறுபவரும். மேடத்துக்கு இளகிய மனசு. யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், "பாவம், விட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மாடியறைக்குப் போய்விடுவார். அந்த இளகிய மனசின் விளைவுகளை வாளியும் துணியுமாகத் துடைப்பது கீழே இருப்பவர்கள் வேலை.

பெற்றோர் சொல்லும் காரணங்கள் அவளுக்கு மனப்பாடம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால் உடம்பு சுடுகிறது. ஸ்வெட்டர் போட்டிருக்கிறோம், அதனால் சுடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பல் முளைக்கிறது. அந்தக் காப்பகத்தில் முளைத்ததாகச் சொல்லப்பட்ட பற்களையெல்லாம் கூட்டினால் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலை மாதிரி வாய் கொள்ளாமல் தேறும்.

தெர்மாமீட்டர் பொய் சொல்லாது என்று ஆரம்பத்தில் அவள் நம்பியிருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு மூடி காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றிவிட்டால் தெர்மாமீட்டரும் சொன்னபடி கேட்கும் என்பதைப் பெற்றோர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாசலில் குழந்தை ஜில்லென்று இருக்கும். பால் குடித்து, பொம்மையை எடுத்துவைத்து உட்காரும் நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கும். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி உடம்பு கொதிக்கும். போன் போட்டால் அந்த ஊரிலுள்ள செல்போன் கோபுரங்கள் அத்தனையும் அதே நிமிஷத்தில் சாய்ந்துவிட்டிருக்கும்.

ஆனால் அந்த மருந்துக்கு ஆரஞ்சு வாசனை. ஒருநாள் தற்செயலாக ஒரு சிறுமியைக் கட்டிக்கொண்டபோது அந்த வாசனை வாசலக்காவின் மூக்கில் ஏறியது. அன்றைக்கு அவள் கண்டுபிடித்ததுதான் முத்தச் சோதனை. வரிசையில் வரும் ஒவ்வொரு குழந்தையையும் "வாடா தங்கம்" என்று வாரி எடுப்பாள். கன்னத்தில் ஒரு முத்தம். முத்தத்தோடு முத்தமாக வாயோரத்தில் ஓர் இழுப்பு. ஆரஞ்சு அடித்தால் அந்தக் குழந்தை அப்படியே அப்பா தோளுக்குத் திரும்பிப் போகும். அடிக்காவிட்டால் உள்ளே, அடுத்த குழந்தைக்கு அடுத்த முத்தம். பின்னணி தெரியாத தாய்மார்கள் உருகிப்போனார்கள். சொந்த அத்தைகூட என் பிள்ளையை இப்படிக் கொஞ்சியதில்லை என்று ஓர் அப்பா கண்கலங்கினார். வாசலக்கா அந்தப் பாராட்டைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டாள், மறுநாளே அவர் பிள்ளையைத் திருப்பி அனுப்பினாள்.

இப்படியாக நிர்வாகம் நடந்துகொண்டிருந்தபோதுதான் குருவி திரும்பி வந்தாள்.

குருவி குறைமாசத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்து வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் காப்பகத்துக்கும் வந்து, ஒரு சளியில் நெஞ்சு அடைத்து மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனவள். அவளுடைய அம்மா பஸ்ஸில் கண்டக்டர். புருஷன் வெளியூர் வேலையில். மற்ற பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்தினால் போய்விடுகிற சளி இவளுக்கு நெஞ்சில் இறங்கிவிடும், இன்னொரு தடவை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை ஒப்படைத்த அன்று கண்டக்டரம்மா வாசலக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலயே தீத்துட்டேன்க்கா. இனிமே வேலைக்குப் போயே ஆகணும். உங்கள நம்பித்தான் விடுறேன். ஒரு இருமல்கூட இவகிட்ட வந்துடக் கூடாது."

"நான் இருக்கேன்ல" என்றாள் வாசலக்கா.

இந்த மாதிரி வாக்கைக் கொடுப்பது சுலபம். அதற்குப் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். பின்பக்கத் தொட்டிலறைக்குள் அவளையும் தொட்டிலறைப் பெண்ணையும் தவிர யாரும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டாள். கை கழுவிக் கழுவி இரண்டு பேருக்கும் விரல் தோல் உரிந்தது. காப்பகத்தில் உள்ள எல்லா வாய்களுக்குள்ளும் போய்விட்டு வந்த மஞ்சள் யானை பொம்மையைத் தினமும் வெந்நீரில் போட்டு எடுத்ததில், அதன் தும்பிக்கை காது மாதிரி ஆகிவிட்டது. வாசலில் முத்தச் சோதனை இரண்டு மடங்கானது. சந்தேகம் வந்தால் இரண்டு கன்னத்திலும் முகர்ந்தாள். மத்தியானம் குருவிக்குப் பால் புகட்டுவது மட்டும் தன் வேலை என்று வைத்துக்கொண்டாள். யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஊரே இருமியது. அப்போது பார்த்து வக்கீலின் மகன் வந்தான். எதைக் கொடுத்தாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, சிரிக்காமல் திருப்பித் தருவதால் அவனுக்குக் குட்டி ஜட்ஜ் என்று பெயர். வாசலக்கா முத்தமிட்டாள். ஆரஞ்சு இல்லை. புதினா மணத்தது. வக்கீல் பிள்ளைக்குப் பேஸ்ட் போட்டு வாய் கொப்பளிக்க வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு சுத்தமான வாய் இருப்பதே குற்றத்துக்குச் சான்று என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தெர்மாமீட்டர் வக்கீல் பக்கம் பேசியது. உங்கள் பலகையில் காய்ச்சல் என்றால் என்ன என்பதற்கு விளக்கமே இல்லையே என்று அவர் வேறு கேட்டார். மாடியிலிருந்து மேடம் எட்டிப் பார்த்து, பாவம், விட்டுட்டுப் போகட்டும் என்றார்.

பால் நேரத்துக்குள் குட்டி ஜட்ஜ் கொதித்தான். வக்கீல் போனை எடுக்கவில்லை, கோர்ட்டில் இருந்தாராம். சாயங்காலம் வரை அவன் வாசலக்காவின் இடுப்பில்தான் இருந்தான். அவள் தோளிலேயே இருமி, அவள் கழுத்திலேயே மூக்கைத் துடைத்து, கடைசியில் அங்கேயே தூங்கினான். நடுவில் அவனை ஆயாவிடம் தந்துவிட்டு, ஜாக்கெட் கையோரம் வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே துணி சுற்றிக்கொண்டு போய்க் குருவிக்குப் பால் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டின்போது தொண்டையில் முள் குத்தியது. எலெக்ட்ரீஷியனான அவள் புருஷன் சாப்பிடுவதை நிறுத்தி அவளையே பார்த்தார்.

"என்ன, மூக்க உறிஞ்சுற?"

"தூசி."

"மழை பெய்யுற ஊர்ல ஏது தூசி?"

உன் சட்டப்படி நாளைக்கு நீ வீட்டில்தானே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நான் வீட்டில் இருந்தால் வாசலில் மேடம் நிற்பார், மேடம் நின்றால் ஊரிலுள்ள இருமல் மொத்தமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும், அப்புறம் குருவியின் கதி என்ன என்று நியாயம் பேசினாள். நியாயம் சரியாகத்தான் இருந்தது. பேசி முடித்துவிட்டுக் காய்ச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். விடிந்ததும் கிளம்பும் முன் இன்னொன்று. அதையே செய்த எத்தனை பெற்றோரை அவள் வாசலில் நிற்கவைத்து மானத்தை வாங்கியிருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. அவர்கள் செய்தது ஏமாற்று. அவள் செய்தது கடமை.

அன்றைக்கு மூக்கு அடைத்திருந்ததால் ஆரஞ்சும் தெரியவில்லை, புதினாவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக விட்டுவிட முடியுமா? இன்னும் நெருங்கி, இன்னும் அழுத்தி முத்தமிட்டாள். நாலைந்து பிள்ளைகள் அப்படி உள்ளே போனார்கள். வரிசையின் கடைசியில் குருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டரம்மா நின்றாள். வாசலக்கா கையை நீட்டினாள். கண்டக்டரம்மா பிள்ளையைத் தரவில்லை. ஓரடி பின்னால் போனாள்.

"ஏன்க்கா குரல் ஒருமாதிரி இருக்கு?"

"கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு."

கண்டக்டரம்மாவின் பிழைப்பே, கூட்டத்தில் டிக்கெட் எடுக்காத மூஞ்சியைக் கண்டுபிடிப்பதுதான். அப்படிப்பட்ட மூஞ்சி ஜன்னலுக்கு வெளியே பார்க்கும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் சிரிக்கும். வாசலக்கா இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தாள். கண்டக்டரம்மா குருவியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, கையை நீட்டி வாசலக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை வாசலக்காதான் கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"இவ்வளவு நேரமா வரிசையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா" என்றாள் கண்டக்டரம்மா. அவள் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அந்தப் பையன் மூக்கு உங்க கன்னத்துல ஒட்டுது. அதே கன்னத்த அடுத்த பிள்ளைகிட்டக் கொண்டுபோய் வைக்கிறீங்க. ஒருத்தர்கிட்ட வாங்கி எல்லாருக்கும் குடுத்துக்கிட்டு இருக்கறதே நீங்கதான். கடைசியா அத எடுத்துட்டு மத்தியானம் இவகிட்டதான வருவீங்க?"

வாசலக்கா முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். மறுகன்னத்தையும் துடைத்தாள். நேற்று மத்தியானம் புட்டியைப் பிடித்திருந்தபோது குருவி நெற்றியால் தன் தாடையை முட்டியது ஞாபகம் வந்தது. நேற்றே தொண்டையில் லேசாக அரித்ததும் ஞாபகம் வந்தது. திட்டிவிடலாம் என்றால் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அங்கே அகப்பட்ட ஒரே குற்றவாளி அவள்தான்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டரம்மாவின் பஸ். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். இந்த நேரத்தில் பிள்ளையை எங்கே கொண்டுபோவாள்?

வாசலக்கா வாசலை விட்டுத் தெருவில் இறங்கினாள். தூரமாக நின்றுகொண்டு பேசினாள்.

"முன்பக்கமா போகாத. சந்துல போனா துணி துவைக்கிற இடம், அங்க ஒரு கதவு இருக்கு. அத ஒட்டித்தான் தொட்டிலற. அந்தப் பொண்ணுகிட்ட நேரா குடு. இன்னையிலேர்ந்து அவ முன்னால வரவே கூடாதுன்னு சொல்லு. குருவி மட்டும்தான் அவளுக்கு வேல. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"நேத்து நீங்கதான பால் குடுத்தீங்க?"

"ஆமா" என்றாள் வாசலக்கா.

கண்டக்டரம்மா திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போனாள். அப்படிப் போனதை வாசலக்கா நெடுநாள் மறக்கப் போவதில்லை.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று திரும்பியபோது வக்கீல் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். குட்டி ஜட்ஜின் கண்கள் மினுமினுத்தன, கன்னம் சிவந்திருந்தது. அவள் கேட்டின் குறுக்கே கையை நீட்டினாள். வக்கீல் ஒரு நிமிஷம் அவளுடைய மூக்கையும் கண்ணையும் ஆராய்ந்துவிட்டு, தனக்குச் சாதகமான ஒரு பாயிண்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு, உங்களுக்கே காய்ச்சல் இருக்கும்போது எங்களை எப்படித் தடுக்கலாம் என்று கேட்டார்.

"அதனாலதான் சார் நானும் தெருவுல நிக்கிறேன். நீங்களும் நில்லுங்க."

வக்கீல் வாதாடினார். ஒத்திவைக்க முடியாத வழக்கு, மனைவி ஊரில் இல்லை, பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. நடுவில் ஒருதரம் குரல் உடைந்தது. முதல்முறையாக அது வாதம் மாதிரி கேட்கவில்லை. குட்டி ஜட்ஜ் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து சரிந்து வாசலக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கொடுத்த சளிதான் அவளிடம் இருந்தது. இனி ஒருத்தருக்கொருத்தர் புதிதாகக் கொடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"குடுத்துத் தொலைங்க சார். எங்க வீட்டுல படுத்துக்கட்டும். கோர்ட்டு முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போகணும். போன் எடுக்கலன்னா நானே கோர்ட்டுக்கு வந்துடுவேன்."

அப்படியாக நோயாளியும் நோயாளியும் ஒரே பாயில் படுத்தார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை அவன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். மறுநாளும் வந்தான். அதற்குள் வாசலக்கா தொட்டிலறைப் பெண்ணுக்குப் போன் மேல் போன் போட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். இருமினாளா? மூச்சு வாங்குகிறதா? பால் முழுசாகக் குடித்தாளா? ஒரு தடவை தும்மினாள் என்று அந்தப் பெண் வாய்தவறிச் சொன்னதும் அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. அடுத்த நாள் குருவிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கண்டக்டரம்மா அரைநாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் தூக்கிப் போயிருக்கிறாள் என்ற செய்தி மட்டும் வந்தது. வாசலக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குட்டி ஜட்ஜ் ஜன்னல் திரையில் மூக்கைத் துடைத்ததைக்கூட அதட்டவில்லை.

போன் அடித்தபோது வெளியே மழை விட்டிருந்தது.

"நெஞ்சு சுத்தமா இருக்காம்க்கா" என்றாள் கண்டக்டரம்மா. "மூக்கோட நின்னுடுச்சு. டாக்டர் மூணு தடவ குழாய வெச்சுக் கேட்டாரு."

எதிரே கண்டக்டரம்மா நிற்கிற மாதிரி வாசலக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நாளைக்கு விடுவியா?"

"சம்பளமில்லாம லீவு சொல்லியிருக்கேன். இந்த மூக்கு நிக்கட்டும், அப்புறம் விடுறேன். பின்பக்கமாதான். நீங்களும் சீக்கிரம் வாங்கக்கா. முன்னால மேடம்தான் நிக்கிறாங்க. இன்னைக்குக் காலையில கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் தொறக்கவே முடியாம ஒரு பிள்ள வந்துச்சு. பாவம்னு உள்ள விட்டுட்டாங்க."

வாசலக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். கதவு வரை போனாள். கதவருகே வரிசையாக நாலு தும்மல் வந்தது. அங்கேயே நின்று, வாய்க்குள்ளேயே மேடத்தைத் திட்டிவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.