மியூட்டக்கா மாற்றிய ஒரு சொல்

வீடியோவைத் திறந்ததும் முதல் காரியமாக அதில் இருக்கிற எல்லோருடைய வாயையும் அடைத்துவிடுவார். டாக்டரோ, பள்ளி முதல்வரோ, யோகா ஆசிரியையோ, யாராக இருந்தாலும் வாயசைக்க மட்டுமே அனுமதி. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை ஊமைப்படமாகப் பார்த்த பிறகுதான் வேலையில் கை வைப்பார். அதனால் அவருக்கு மியூட்டக்கா என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபமே வராது. "ஆமா, இந்த ரூம்ல வாயைத் திறக்குற உரிமை எனக்கு மட்டும்தான்" என்பார். உண்மைதான். வேலை நடக்கிற நேரமெல்லாம் அவர் பேச்சு ஓயாது. ஆள் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிடம் பேசுவார்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளிப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஹெட்போன் காதை உறுத்தாமலிருக்கப் பழைய பனியன் துணி சுற்றியிருக்கும். படம் நன்றாக இருக்கும், சத்தம் கெட்டுப்போயிருக்கும். கெட்ட சத்தத்தை எடுத்துவிட்டு நல்ல சத்தத்தை வைத்துத் தருவதுதான் தொழில். "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று யோகா ஆசிரியை சொல்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மிக்சி இரைந்திருக்கும். முதல்வரின் உரையில் பாதியை மின்விசிறி விழுங்கியிருக்கும். மறுபடி பேசிப் பதிவு செய்ததைத் திரையில் படத்துக்குக் கீழே ஒரு பட்டையாக வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, உதடும் சொல்லும் ஒட்டுகிற இடத்தில் நிறுத்துவார்.

"ப, ம இந்த ரெண்டும் எங்க வருதுன்னு பாருங்க. அதுக்கு உதடு ஒட்டியே ஆகணும். மத்த எழுத்தெல்லாம் ஏமாத்தும்" என்று கீழ்க்கடைத் தையல்காரம்மாவுக்கு ஒருநாள் பாடமே நடத்தினார். பழைய ஒலியை மட்டும் அழிக்க மாட்டார். "தூங்கிட்டுப் போகட்டும், பாவம். அது என்ன கேக்குது?"

வீட்டிலும் டி.வி.க்குச் சத்தம் கிடையாது. வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பொண்ணு அரைமணி நேரமா அழுவுது. எதுக்குன்னு நானும் தெரிஞ்சுக்க வேணாமா?" என்று கேட்பார்.

"அவ எங்கங்க அழுறா? தாடையைப் பாருங்க, அசையவே இல்ல."

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை ஊமைப்படம் பார்க்காமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்.

சாயத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி கொண்டுவந்த பன்னிரண்டு நிமிடப் படம் அது. நீராவிக் குழாயில் இருக்கும் வடிகட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று பாய்லர்காரர் ஒருவர் செய்து காட்டி விளக்குகிறார். இயந்திர இரைச்சலில் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. அதனால் எழுதிக் கொடுத்ததை ஓர் அறிவிப்பாளர் படித்துத் தனியாகப் பதிவு செய்திருந்தார். "நாளைக்குப் பத்து மணிக்குப் புது ஆளுங்க முப்பது பேருக்குப் போட்டுக் காட்டணும் மேடம். உதடெல்லாம் யாரு பாக்கப்போறா, சும்மா ஒட்டிக் குடுங்க" என்று அதிகாரி பக்கத்திலேயே நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார். மியூட்டக்கா நாலைந்து இடங்களில் மட்டும் பொருத்திப் பார்த்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை பல் துலக்கும்போதே மனசு நிலைகொள்ளவில்லை. "கேஸை அணைக்காம வந்த மாதிரி இருக்குங்க" என்றவரை வீட்டுக்காரர் எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் கடையில் இறக்கிவிட்டு, அவரும் மேலே வந்தார். மியூட்டக்கா படத்தைத் திறந்தார், வாயை அடைத்தார், சம்மணம் போட்டார்.

ஏழாவது நிமிடத்தில் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பாய்லர்காரர் வால்வுச் சக்கரத்தில் கை வைத்து, கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார். சொல்லின் தொடக்கத்தில் அவருடைய இரண்டு உதடுகளும் அழுத்தமாக ஒட்டுகின்றன. பிறகு குவிகின்றன. புதுக் குரலைப் போட்டுக் கேட்டார். "நீராவி வால்வை முழுவதுமாகத் திறக்கவும். அதன் பிறகு வடிகட்டியின் மூடியைக் கழற்றவும்."

'தி'க்கு எந்த ஊரில் உதடு ஒட்டும்?

தூங்கிக்கொண்டிருந்த பழைய ஒலியை எழுப்பிப் பார்த்தார். இரைச்சலுக்குள்ளிருந்து "டணும்" என்று வால் மட்டும் கிடைத்தது. நாலாவது தடவை அதிகாரி போனை எடுத்தார்.

"மேடம், நாங்க எழுதிக் குடுத்தது சரியாத்தான் இருக்கும். உங்க வேலை சத்தத்தை மாத்துறது."

"சார், எனக்கு பாய்லர் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா உதடு தெரியும். படத்துல இருக்காரே, அவர்கிட்ட போனைக் குடுங்க. ஒரே ஒரு வார்த்தை."

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் பாய்லர்காரரின் குரல்: "சொல்லுங்கம்மா."

"அண்ணே, மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி வால்வைத் திறக்கணுமா, மூடணுமா?"

"ஐயோ, மூடணும்மா! திறந்து வச்சுக்கிட்டுக் கழட்டினா முகம் வெந்துடும். யாரு திறக்கச் சொன்னது?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அதிகாரியின் குரல், பாதியாக இறங்கியிருந்தது. "நான்தான் மேடம் டைப் பண்ணேன். எப்படி விட்டேன்னே தெரியல. படத்தைப் போடாம வைக்கட்டுமா?"

"பத்து மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்? வரேன்."

அறிவிப்பாளரின் போன் அணைந்து கிடந்தது. விமானத்தில் இருப்பதாக அவர் மனைவி சொன்னார். தேவை ஒரே ஒரு சொல். அதை அந்தக் குரல் எங்காவது சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தில் மியூட்டக்கா விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். கடைசி வரியில் இருந்தது: "வேலை முடிந்ததும் அறைக் கதவை மூடவும்."

அந்த "மூடவும்" என்பதை மட்டும் நறுக்கி, நகலெடுத்து, "திறக்கவும்" இருந்த இடத்தில் பதித்தார். "முழுவதுமாக" என்பதன் வாலில் ஒட்டியிருந்த 'த்'தைச் சுரண்டி எடுத்தார். கதவை மூடச் சொல்லும்போது குரல் கொஞ்சம் சாந்தமாக இருந்தது; ஒலியை ஒரு பிடி கூட்டினார். கடைசியாகப் படத்தை ஓடவிட்டார். பாய்லர்காரரின் உதடு ஒட்டியது, குரலில் 'மூ' விழுந்தது. எடுத்துவைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. ஒட்டுப் போட்ட இடம் தெரியுதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"எந்த ஒட்டு?"

"போதும். வண்டியை எடுங்க."

ஸ்கூட்டர் தொழிற்சாலை வாசலை அடைந்தபோது பத்தாக ஏழு நிமிடம். அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார். பழைய பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்து, புதியதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உதட்டை யாரு பாக்கப்போறான்னு சொன்னேன் மேடம்" என்றார்.

"விடுங்க சார். நானும்தான் பாக்காம குடுத்தேன்."

புறப்படலாம் என்று திரும்பியவரைப் பாய்லர்காரர் விடவில்லை. "இருந்து பாத்துட்டுப் போங்கம்மா. என் மூஞ்சி படத்துல எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்று பயிற்சி அறையின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முப்பது புதுச் சீருடைகள். விளக்கு அணைந்தது. மியூட்டக்கா திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடம் வந்தது. "நீராவி வால்வை முழுவதுமாக மூடவும்." முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணொருத்தி, தனக்குள் சொல்லிப் பார்ப்பவள்போல் வலது கையை அந்தரத்தில் வலப்பக்கமாகத் திருப்பினாள். திருப்தியாகவில்லையோ என்னவோ, இன்னும் ஒருமுறை இறுக்கித் திருப்பினாள்.

ஸ்கூட்டரில் ஏறியதிலிருந்து மார்போடு அணைத்தபடி வைத்திருந்த கைப்பையை மியூட்டக்கா மெல்லத் தரையில் இறக்கி வைத்தார்.