உட்கார்ந்துவிட்டுப் போ

லினாவின் கட்டில் ஒரு காலத்தில் ஜன்னலோரம்தான் கிடந்தது. போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவள் கணவன் திமோஃபி அதை வீட்டு நடைக்கு இழுத்துப் போட்டுவிட்டான். எங்கள் கார்கிவ் நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது: குண்டு விழுந்தால் முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சுவர் சிதறலை வாங்கும், அதற்கும் பின்னால் இருப்பவர் பிழைப்பார். இரண்டு சுவருக்கு அப்பால் ஜன்னல் ஏது? இரண்டரை வருடமாக லினா வானத்தைப் பார்க்கவில்லை. முற்றத்து அப்ரிகாட் மரம் பூத்துவிட்டது என்பதையே யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒன்பது மாடி, லிஃப்ட் செத்துப் பல மாதம். அதுகூடப் பெரிதில்லை. போருக்கு நான்கு வருடம் முன்பு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, களைப்பு போகவில்லை. தலைவாரினால் இரண்டு நாள் கண் திறக்க முடியாத களைப்பு. வெளிச்சம் வலிக்கும், சத்தம் வலிக்கும், தலையை நிமிர்த்தினால் நெஞ்சு அடித்துக்கொண்டு கண் இருட்டும். ஒருமுறை மாடிப்படியில் தூக்கிப் போனதற்கு ஆறு மாதம் விழுங்கக்கூட முடியாமல் கிடந்தாள். டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நரம்புத் தளர்ச்சி, எழுந்து நாலு எட்டு நடங்க, சரியாப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளைப் பிடித்து ஒரே ஒரு நாள் அந்தக் கட்டிலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனையிலும் லினா ஏங்கியது நடப்பதற்கோ ஓடுவதற்கோ இல்லை. ஒரு நிமிஷம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தூரப் பயணம் கிளம்பும்போது, போகிறவரும் வழியனுப்புகிறவரும் சேர்ந்து ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துதான் எழ வேண்டும். இது எங்கள் வழக்கம். பெட்டிமேல் உட்காரலாம், வாசற்படியில் உட்காரலாம், யாரும் நிற்கக் கூடாது. லினாவின் தம்பி ஓஸ்தாப் போருக்குக் கிளம்பிய அன்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவளால் முடியவில்லை. "நீ படுத்துக்கோ அக்கா, உனக்கும் சேர்த்து நான் உக்காந்துட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். ஏழு வாரத்தில் சவப்பெட்டியில் வந்தான். லினா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள். அறிவுக்கு ஒவ்வாதது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன?

அவர்களுடைய ஒரே மகள் யாரினா, இருபத்திரண்டு வயது, நர்ஸ். ஜூன் மாதம் ஒருநாள் கட்டிலருகே மண்டியிட்டு மெல்லச் சொன்னாள்.

"அம்மா, வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கிளம்புறேன். முன்வரிசையில இல்ல, அதுக்குக் கொஞ்சம் பின்னால. காயம்பட்டவங்களுக்குக் கட்டுப்போடுற இடம்."

லினா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு?"

அன்றிலிருந்து அவள் தெம்பை மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள். பேச்சை நிறுத்தினாள். தலைவார வேண்டாம் என்று கையசைத்தாள். ஆசையாய்க் கேட்கும் வானொலியின் கால்மணி நேரப் பாட்டும் நின்றது. திமோஃபியிடம் மட்டும் தலைக்கு இரண்டாவது தலையணை வைக்கச் சொன்னாள், நான்கு நாள் கழித்து மூன்றாவது.

எதிர்வீட்டு ரயீசா சூப் கொண்டுவந்தபோது பொறுக்க மாட்டாமல் கிசுகிசுத்தாள். "என்னடி லினா, முகத்தத் திருப்பிக்கிற? எம்மேல கோபமா?"

"கோபமில்ல அக்கா, மிச்சம் பிடிக்கிறா" என்றான் திமோஃபி.

"எதுக்கு?"

"உக்கார்றதுக்கு."

ரயீசா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் உக்கார்றதுக்கு ரெண்டு வாரம் மிச்சம் பிடிக்கிற பொழப்பு! அதுக்கும் மேல குண்டு வேற! அந்தப் பாவிங்க வெளங்குவானுங்களா?" என்று சபித்துவிட்டுப் போனாள்.

சொல்லிவைத்த மாதிரி அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே குண்டு விழுந்தது. இரண்டு தெரு தள்ளித்தான். கதவு தானாகத் திறந்து சுவரில் அடித்தது. கூரைச் சுண்ணாம்பு லினாவின் போர்வையில் கொட்டியது. கீழே ஏதோ ஒரு காரின் அலாரம் முக்கால் மணி நேரம் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு துளியும் சிந்தாமல் சேர்த்ததெல்லாம் அந்தச் சத்தத்தோடு போயிற்று. ஒன்பது மணிக்கு யாரினா பையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தபோது, லினாவால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. கண்ணோரம் மட்டும் வழிந்தது.

திமோஃபி செருப்பு மாட்டும் முக்காலியில் உட்கார்ந்தான். ரயீசா பைமேல் உட்காரப் போனாள்.

"பெரியம்மா, பாத்து! உள்ள நீங்க குடுத்த முட்டை இருக்கு."

"இருந்தா என்ன? ஆம்லெட்டாச் சாப்பிடு, போ!" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

யாரினா உட்காரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். யாரும் அவளிடம் எதையும் சொன்னதில்லை. ஆனால் மூன்று தலையணைகளை அவள் பார்த்திருந்தாள், மாமன் கிளம்பிய அன்று அவளும் இதே நடையில்தான் இருந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். தலையணைகளை எடுத்துவிட்டு, கட்டிலில் ஏறி, அம்மாவுக்குப் பின்னால் நுழைந்து சுவரில் சாய்ந்தாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்து, பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெல்ல மெல்லத் தன் மார்போடு நிமிர்த்தினாள்.

"நான் நாற்காலிம்மா. நீ சும்மா சாஞ்சுக்கோ" என்றாள் காதருகே.

லினாவின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள் முதுகில் மகளின் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. போகாதே, என் கண்ணே, போகாதே என்று உள்ளுக்குள் கதறினாள். அந்த நிமிஷம் முடியாமலே இருந்துவிடக்கூடாதா என்று இருந்தது.

"சரி. கடவுள் துணை" என்றாள் யாரினா. முடிந்தது.

அந்த நிமிஷத்துக்கு லினா கொடுத்த விலை நான்கு மாதம். கண்ணில் துணி, காதில் பஞ்சு, குழாய் வழியாகக் கஞ்சித்தண்ணீர். யாருடைய குரலையும் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்தில் வாய் திறப்பதே இல்லை என்று திமோஃபி வைத்துக்கொண்டான்.

போரில் இருப்பவர்கள் நீளமாக எழுத மாட்டார்கள். உயிரோடு இருந்தால் போனில் ஒரு கூட்டல் குறி அனுப்புவார்கள். யாரினாவிடமிருந்து அது தினமும் காலையில் வரும். வந்ததும் திமோஃபி நடைக்கு வந்து, மனைவியின் உள்ளங்கையில் விரலால் வரைவான். முதலில் மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு குறுக்கே ஒன்று, நிதானமாக. அதற்காகவே லினா ஒவ்வொரு விடியலையும் எதிர்பார்த்துக் கிடந்தாள். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் அந்த உள்ளங்கைக்காகத்தான்.

அக்டோபரில் ஒருநாள் அவன் வெகுநேரம் வரவில்லை. பிறகு வந்து அவசரமாக வரைந்தான், குறுக்குக் கோட்டை முதலில். வரைந்துவிட்டு, "வந்துருச்சு லினா" என்று முணுமுணுத்தான்.

நான்கு மாதமாக வாய் திறக்காதவன் பேசிவிட்டான். குறி வரவில்லை என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"உக்காரு."

அவன் முக்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். மதியம் ரயீசா வந்தாள், இருவரையும் பார்த்தாள், எதுவும் கேட்காமல் அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்குப் போன் அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"வண்டி எரிஞ்சுபோச்சு, போனும் அதுக்குள்ள. இது இன்னொருத்தரோடது. நான் முழுசா இருக்கேன். அம்மா எப்படி இருக்கா?" கடைசியில் அந்தக் குறி.

திமோஃபி ஓடிவந்து அவள் உள்ளங்கையில் வரைந்தான், மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே. பதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றான். லினா அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலால் அவன் உள்ளங்கையில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள். சற்று ஓய்ந்தாள். பிறகு குறுக்கே ஒன்று.

அவன் அதையே மகளுக்கு அனுப்பினான்.