சாக்பீஸ் படகு

எந்தக் கார் எந்தக் கோளாறோடு வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "ஃபியூஸைப் பாத்தியா?" என்பதுதான். அதனாலேயே ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இருக்கும் அந்தத் தெருவில் கார் எலக்ட்ரீஷியனுக்கு ஃபியூஸ் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. வெயிலில் அதுவும் வெளுத்துப்போனது.

முப்பது வருஷமாக அந்தக் கடை ஓடியது அவர் ஒருவரால் மட்டும் அல்ல. அவர் காருக்கு வெளியே நிற்பார், மனைவி உள்ளே உட்கார்ந்திருப்பார். பின்னாலிருந்து "மிதி!" என்று இவர் கத்த, அந்த அம்மாள் பிரேக்கை மிதிப்பார். "எரியுதா?" என்று உள்ளிருந்தே கேட்பார். "எரியுது, எரியுது. இடது பக்கம்தான் அழுது வடியுது." வயர் நுனியைச் சீவுவதும், டெர்மினல் வைத்து நசுக்குவதும், முடித்த வேலையை ஒரு தடவை கண்ணால் துழாவிப் பார்ப்பதும் அந்த அம்மாள் பொறுப்பு. வேலை இல்லாத நேரத்தில் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அந்த அம்மாள் விமானம் ஏறினார். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. அந்தக் குழந்தை இப்போது ஓடியாடித் திரிகிறது.

ஃபியூஸ் அண்ணன் இப்போதெல்லாம் காரைச் சுவரோரமாகப் பின்னுக்குக் கொண்டுபோய், பிரேக்கைத் தானே மிதித்து, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார். சில நாள் சிவப்பு விழுந்த பிறகும் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

போனில் கேட்டால் மட்டும், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். வா என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த வயதில் எனக்குத் துணை வேண்டும் என்று போய்க் கேட்பதா என்று ஒரு கூச்சம்.

இந்த நிலையில்தான், ஊரை விட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சின்ன ஃபைபர் படகை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நாலு பேர் உட்காரலாம். இன்ஜின் நன்றாக இருந்தது. வயரிங்தான் உப்புக்காற்றில் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டைகளின் மேல் அதை ஏற்றி வைத்துவிட்டு, கடைக்குள் வந்தவர் மனைவியின் நாற்காலியைப் பார்த்தார். அதற்கு நேர் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆறு. மேஜையை அந்த இடத்தில் போட்டது அவர்தான். முப்பது வருஷம் ஆற்றுக்கு முதுகைக் காட்டியே உட்காரவைத்திருக்கிறோமே என்று சுருக்கென்றது.

எனக்காக வா என்று கேட்கத்தான் நாக்கு எழாது. படகை இறக்கப் போகிறோம், வந்து பார் என்று கேட்கலாம் அல்லவா? அன்றே வேலை தொடங்கிவிட்டது.

காகிதத்தில் போட்டால் அவருக்குக் கணக்கு பிடிபடாது. கடைத் தரையைக் கூட்டிக் கழுவி, படகை அதே அளவில் சாக்பீஸால் வரைந்தார். பின்னால் பேட்டரி, அதை ஒட்டி ஃபியூஸ் பெட்டி. முன்மூக்கில் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. பின்கம்பத்தில் வெள்ளை. அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு பம்ப். முன்சீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேன். எல்லாவற்றுக்கும் வயர் போகும் வழியைக் கோடாக இழுத்து, முன்சீட்டு வரும் இடத்தில் ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து போட்டார்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, நொண்டி விளையாடப் போறீங்களா?"

"படகுடா. கோட்டைத் தாண்டாதே, மூழ்கிடுவ."

"தண்ணி எங்க?"

"உன் கண்ணுல வரவெக்கிறேன், போடா!"

மறுநாள் காலை மனைவியை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம். போனைத் தரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்த ஸ்டூல்தான் உன் சீட்டு."

"எனக்கு நீச்சலே தெரியாது. எனக்கு எதுக்கு ஃபேன்?" என்றார் அந்த அம்மாள். சிரிப்பு மட்டும் குரலில் ஒட்டியிருந்தது. பிறகு சட்டென்று, "கொஞ்சம் இருங்க. மறுபடி பேட்டரிகிட்டப் போங்க" என்றார்.

போனார்.

"எல்லாத்துக்கும் ஒத்தை வயர்தான் போட்டிருக்கீங்க. எர்த் எதுல குடுப்பீங்க?"

"பாடிலதான். வேற எதுல?"

"ஏங்க, காருன்னா தகரம். இது பிளாஸ்டிக் இல்லையா?"

ஃபியூஸ் அண்ணன் குனிந்து கோடுகளை மறுபடி பார்த்தார். காரில் இரும்பு உடம்பே மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஃபைபர் படகில் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர இன்னொரு வயர் தனியாக இழுத்தாக வேண்டும். வாழ்நாளெல்லாம் காருக்கே பழகிய கை, அந்தப் பாதி வயரை அப்படியே விட்டுவிட்டது. இந்தக் கோட்டை நம்பி வேலையை முடித்திருந்தால் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது.

"நல்ல ஆளுதான் போங்க! யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்ட யாரு இருக்கா இங்க?"

அவர் அதைச் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.

"ராஜா மாதிரி இருக்கேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நான் இல்லாமலே கடை நல்லாத்தான் ஓடுது, நம்ம தேவை அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டீங்களா?"

போனைத் தன் முகத்துக்குத் திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டூலைக் காட்டிக்கொண்டே, "வந்துடும்மா" என்றார்.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேசியபோது குரல் பழையபடி கடைக்குரலாகிவிட்டது. "உடனேன்னா முடியாதுங்க. புள்ளையப் பாத்துக்க நம்பிக்கையா ஆள் தேடணும். மககிட்டப் பேசணும். மழைக்காலம் தாண்டிடும்."

"தாண்டட்டும்."

"நான் வந்து பாக்காம வயரை இழுத்துடாதீங்க. இப்போ உக்காந்து அந்த ரெண்டாவது கோட்டைப் போடுங்க, பாக்கறேன். ம்... வளையுது பாருங்க, நேராப் போடுங்க!"

முழங்கால் வலிக்க வலிக்க, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அன்றிலிருந்து அந்தக் கடைக்குள் எந்தக் காரும் ஏறவில்லை. எல்லா வேலையும் தெருவில்தான். மழை பிடித்த பிறகு பஞ்சர் கடைக்காரரின் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு நின்றார். புதிதாக வந்த ஒருவர் நனைந்துகொண்டே, "உள்ள இவ்வளவு இடம் சும்மா கெடக்கே, வண்டிய உள்ள விட்டா என்ன?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"உள்ள படகு நிக்குதுங்க" என்றார் ஃபியூஸ் அண்ணன், தலையை வெளியே எடுக்காமலே.

வந்தவர் போய் எட்டிப் பார்த்தார். தரையில் வெள்ளைக் கோடுகள்தான் இருந்தன. அவற்றில் சில அன்று காலையில்தான் புதுப்பிக்கப்பட்டிருந்தன.