உறுதி இல்லாத காணி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: செம்மஞ்சள் தொப்பி போட்ட மான் வேட்டைக்காரர்கள், தூண்டில்காரர்கள், நாயோடு நடக்க வருகிற ஒரு பெண், அப்பா, நான். வராதவர் சிவா அங்கிள். சனிக்கிழமைகளில் அப்பாவோடு மீன் பிடிக்கிறவர். "அரசாங்கத்தோட ஏன் அண்ணை கொழுவல்? பேர் பதிஞ்சுபோடுவாங்கள்" என்று போனை வைத்துவிட்டார்.

கனடாவில், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, காட்டோடு சேர்ந்த ஒரு குளம். அரசாங்கக் காணி. லைசென்ஸ் இருந்தால் யாரும் தூண்டில் போடலாம். அதை வீடு கட்ட விற்கப்போகிறார்கள் என்றுதான் கூட்டம். தங்களுக்குச் சொந்தமில்லாத காணிக்காக மனிதர்கள் இப்படிக் கத்துவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் அரசாங்கக் காணி என்றால் முள்ளுக்கம்பி. அப்பா கடலுக்குப் போனவர். கரையில் ஆறு பரப்புக் காணியும் வீடும் இருந்தன. ஆமி முகாமுக்கென்று எடுத்தபிறகு கடலையும் தூர நின்றுதான் பார்த்தார். காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கனடாவரை கொண்டுவந்தார். யாரோ கலைக்கப்போகிறார்கள் என்பதுபோல எப்போதும் ஒரு நிலைகொள்ளாமை அவருக்கு. எனக்கும் அது தொற்றியிருக்கிறது. அந்தக் குளக்கரையில் மட்டும்தான் அவருடைய தோள் தளர்ந்து இறங்கும்.

பக்கத்திலிருந்த தொப்பிக்காரர் அப்பாவின் முதுகில் தட்டினார். "இட்ஸ் யுவர் லாண்ட் டூ!"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மொழிபெயர்ப்பு என் வேலை. "உங்கட காணியும்தானாம், அப்பா."

அப்பா திடுக்கிட்டார். "என்ர காணியோ? உறுதி எங்கையாம்?"

அவசரத்தில் எனக்கு வாய்த்த ஆங்கிலம், "ஆர் யூ ஷுவர்?"

"ஷுவர், ஐ'ம் ஷுவர்!" மனிதர் நெஞ்சில் கைவைத்து அடித்தார்.

"நெஞ்சுக்குள்ளயோ வச்சிருக்கிறார்?" என்றார் அப்பா. பிறகு எழும்பி நேரே மைக்குக்குப் போய்விட்டார்.

"உறுதி இருக்கிற காணிக்குள்ள நான் கால் வைக்கேலாது. உறுதி இல்லாத காணியில நிண்டு மீன் பிடிக்கிறன். உந்தக் குளத்தையும் அடைச்சா நான் எங்க போய் நிக்கிறது?"

இந்த முறை மொழிபெயர்த்தபோது உறுதிக்கு 'டீட்' என்ற சரியான சொல் எனக்கு வந்தது. கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் விலாசம் கேட்டாள். அப்பா ஊர் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு நாங்கள் இருக்கிற அஜின்கோர்ட் அப்பார்ட்மென்ட் நம்பரைச் சொன்னேன். அவள் இரண்டையும் எழுதிவிட்டாள்.

முடிவைத் தள்ளிவைத்தார்கள். விற்கவில்லை, விடவுமில்லை.

பின்னேரம் சிவா அங்கிள் போன் எடுத்தார். "வேலைக்கும் போகேல்லையாம்? எவ்வளவு காசு அண்ணை முடிஞ்சுது?"

"ஒரு ஷிப்ட்" என்றார் அப்பா, தூண்டில் பெட்டியைத் துடைத்தபடி. "நூற்றி நாற்பது டொலர். காணி விலைக்கு மலிவுதானே."