பச்சை போகாத காலை

காய்ச்சல் விட்டு மாதக்கணக்காகியும் எனக்குக் களைப்பு விடவில்லை. உயிர்வேதியியல் படித்தவள், அதன் பெயர் தெரியும்: நாட்பட்ட சோர்வு நோய். தெரிந்து என்ன, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே வந்தன. அதனால் போடியில் எங்கள் வீட்டோடு இருக்கும் அத்தை வேறு பெயர் வைத்தாள்.

“படிச்ச புள்ளைக்குச் சோலி பாக்கக் கசக்குது.”

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒருமுறை மலையேறி எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்க வேண்டும். திரும்பி வந்து படுக்கையில் விழக் கூடாது.

தெம்பாக இருந்த ஒரு நாள், அத்தையின் வாயை அடைக்க, ஒரு மூட்டைக் காயை முழுசாகத் தரம் பிரித்து முடித்தேன். அன்று எதுவும் ஆகவில்லை. மறுநாள் தலை தூக்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கை மறுத்தது.

“நேத்து நல்லாத்தானே ஆத்தா இருந்த?” என்றார் அப்பா.

தோட்டத்து ஸ்டோரில் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துபவர் அவர். எழுந்து உட்கார முடிந்த அன்று அவரிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா, லோடு அனுப்பணுமேன்னு ஸ்டோர்ல விறகை அள்ளிப் போட்டா?”

“வெரசா காயும். பச்சை போயிரும். வெளுத்த காயை எவன் சீந்துவான்?”

“என் உடம்பும் அப்படித்தான்.”

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அடுப்பு என்று சொன்னேன். என் போன்றவர்களிடம் அது சரியாக எரிவதில்லை, அதிலிருந்து தெறிக்கும் பொறிகள் செல்லையே சுடுகின்றன என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சூட்டுக்குப் பெயர் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இன்னும் முழுசாக நிரூபணமாகவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

“அப்ப தீயைக் கூட்டக் கூடாது,” என்றார்.

அன்றிலிருந்து அவர்தான் காவல். குளித்த அன்று சமையல் இல்லை. ஆள் வந்து பேசிய அன்று படிப்பு இல்லை. தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அத்தை வாயெடுத்தால், “நீ விறகு போடாத தாயி!” என்பார்.

அந்தப் பருவத்தின் கடைசிக் காய் எடுப்புக்கு அப்பாவோடு ஜீப்பில் ஏறினேன். மலைவளைவுகளில் கண்மூடிச் சாய்ந்தே போனேன். ஒரே ஒரு செடியடியில் உட்கார்ந்து கைப்பிடிக் காய் பறித்தேன்.

“போதும், எந்திரி,” என்றார் அப்பா.

இன்னும் பறிக்கலாம் போலிருந்தது. எழுந்துவிட்டேன்.

ஆனால் தீர்ப்பு மறுநாள்தான். காலையில், ஸ்டோர் கதவைத் திறக்கிற அதே பதற்றத்தோடு அப்பா என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில் காலி. அடுப்படிக்கு ஓடிவந்தார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“பச்சை இருக்கா ஆத்தா?”

“அப்படியே இருக்குப்பா!”

அத்தைக்கும் ஒரு டம்ளர் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, தெம்பு மிச்சமிருக்க, அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.