என் இடத்தில் நின்றவன்

இன்றைக்கும் வாரத்தில் ஒருமுறையாவது போனில் அவனைத் தேடிப் பார்த்துவிடுகிறேன். அவன் பெயரைக் கொரிய எழுத்தில் எங்கிருந்தோ எடுத்துச் சேமித்து வைத்திருக்கிறேன். அதை ஒட்டித் தேடினால் தென்கொரியாவில் அவன் ஆடுகிற கிளப்பின் செய்திகள் வரும். போன் அரைகுறையாக மொழிபெயர்த்துக் கொடுக்கும். தோற்றுவிட்டார்கள் என்று இருந்தால் அன்றைக்கு டீ எனக்குக் கூடுதலாக ருசிக்கும். ஜெயித்தார்கள், அதிலும் இவன் நன்றாகத் தடுத்தான் என்று இருந்தால், கெடக்கான் போ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். "பழைய காதலியத் தேடுறவன்கூட இப்படித் தேட மாட்டான்" என்பாள் என் மனைவி. அவளுக்கென்ன தெரியும். காதலியாக இருந்திருந்தால் இத்தனை நாளில் மறந்திருப்பேன்.

நான் கால்பந்தில் ஸ்டாப்பராக ஆடியவன். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிற ஆளையும் பந்தையும் மறிக்கிற வேலை. எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். ஊரில் பந்து என்றால் வாலிபால், இல்லாவிட்டால் கிரிக்கெட். அங்கிருந்து விளையாட்டு விடுதி, கல்லூரி அணி என்று முட்டி மோதிப் போய்ச் சென்னையில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். தேசிய அளவில் இரண்டாம் கட்ட லீகில் ஆடுகிற கிளப். முதல் வருஷம் அந்த இடத்தில் நான்தான் நின்றேன். நன்றாகவும் நின்றேன், அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. அடுத்த வருஷம் ஆசிய நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை எடுப்பது என்று முடிவு பண்ணினார்கள். எடுத்ததுதான் எடுத்தார்கள், கோல் போடுகிறவனாக எடுத்திருக்கக் கூடாதா? ஸ்டாப்பரை எடுத்தார்கள்.

அவன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எதிலாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்கிற ஆசைதான். சின்ன வயதிலேயே பந்தாட்டப் பள்ளி, அங்கேயே விடுதி. பிறகு ஒரு பெரிய கிளப்பில் வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அதைப் படித்தபோது மனசு குளிர்ந்தது. அந்த நாட்டில் ஆண்கள் ராணுவத்துக்குப் போயாக வேண்டுமாம். இவனுக்கு அங்கேயும் ராணுவ அணியில் பந்தாட்டம்தான். துப்பாக்கி பிடிக்கப் போன இடத்திலும் ஒருவனுக்குப் பந்து கிடைக்கிறது என்றால் அது என்ன ராசி என்று கேட்கிறேன். அங்கிருந்து அவர்கள் ஊர் இரண்டாம் டிவிஷன், தாய்லாந்து, மலேசியா. பிறகு என் தலையில் வந்து விழுந்தான்.

அவன் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பந்து எங்கே வரப்போகிறது என்று தெரிந்து, முன்னாலேயே அங்கே போய் நின்றுகொண்டிருப்பான். ஆட்டம் முடியும்போது என் ஜெர்சி வயலில் இறங்கி நாற்று நட்டவன் வேட்டி மாதிரி இருக்கும். அவனுடையது மடிப்புக் கலைந்திருக்காது. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "அவன் எப்படி நிக்கிறான்னு பாரு" என்பார். பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு என்ன வேலை எனக்கு. ஆள் கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். தண்ணீர் கேனை அவனே தூக்குவான். நான் வரும்போது நகர்ந்து இடம் விடுவான். எந்த இடம் வேண்டுமோ அதைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையில் புதிதாகப் போட்ட மைதானத்தைத் திறக்க ஒரு கோப்பை ஆட்டம் வைத்தார்கள். எங்கள் கிளப்பும் ஒரு கேரள அணியும். என் அப்பா புதுக்கோட்டை–அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர். லீவு கிடைக்காமல் நான் ஆடியதை அவர் சென்னை வந்து பார்த்ததே இல்லை. இப்போது ஆட்டமே வாசலுக்கு வருகிறது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். "எம்மகன் ஆடுறான், வந்துருங்க." ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே ஒரு தடவை அவர் கண் முன்னால் ஆடிவிட்டால் போதும், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கொரியாக்காரனே ஆடட்டும் என்று நினைத்திருந்தேன்.

உடை மாற்றும் அறையில் பெயர்களை வாசித்தார்கள். அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

மாற்று ஆட்கள் போடுகிற பச்சைச் சட்டையோடு வெளியே வந்து உட்கார்ந்தேன். அப்பா கேலரி முன்வரிசையில் புதுச் சட்டை போட்டு இருந்தார். "என்னப்பா, எப்ப எறங்குவ?" என்று கம்பி வழியாகக் கேட்டார். "இருங்கப்பா, எறக்குவாங்க" என்றேன். அதற்குப் பிறகும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதற்குப் பிறகு கேரளத்துக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். வருகிற பந்தையெல்லாம் அவன் எடுத்தான். தலையால் எடுத்தான், நெஞ்சால் எடுத்தான். இடைவேளைக்குப் பிறகு என் ஊர்க்காரர்களே "கொரியா, கொரியா" என்று கத்த ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். என் அப்பாவும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மாற்று ஆட்களில் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது அவன் உட்கார்ந்துவிட்டான். வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்று பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினான். பயிற்சியாளர் என் முதுகில் தட்டி, "போ, போ" என்றார். நொண்டிக்கொண்டு வெளியே வந்தவன் கோட்டருகே நின்று என் உள்ளங்கையில் அடித்துவிட்டுப் போனான். அவனை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இறங்கின சூட்டிலேயே ஒரு பந்து என் தலைக்கு மேல் வந்தது. அவர்கள் ஆள் அதைத் துரத்தினான். நான் அவனோடு தோளுக்குத் தோள் ஓடினேன். பந்து எனக்குத்தான், சந்தேகமே இல்லை. காலை நீட்டப் போகிறேன், பீப் பீப் என்று விசில். ஆஃப்சைடு என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். அவர்கள் ஆளும் ஒரு கணம் தயங்கினான். நடுவர் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டுப் பந்தை வலைக்குள் தள்ளினான்.

நடுவர் வாயில் விசில் இல்லை. சத்தம் வந்த திசையில் பார்த்தேன். அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். வாயில் கண்டக்டர் விசில். மகன் இறங்கிவிட்டான் என்ற சந்தோஷத்தில் பையில் கிடந்ததை எடுத்து ஊதியிருக்கிறார். ரைட், போகலாம் என்று பஸ்ஸுக்குக் கொடுக்கிற அதே இரட்டை விசில்.

எங்கள் கேப்டன் நடுவரிடம் பாய்ந்தார். கேலரியிலிருந்து யாரோ விசிலடித்து ஆட்டத்தைக் கெடுத்தால் அந்தக் கோலைத் தள்ளிவிட விதி இருக்கிறது. நடுவர் என்னிடம் வந்தார். "விசில் கேட்டுத்தான் நின்னீங்களா? யாரு ஊதுனது, காட்டுங்க. வெளிய அனுப்பிட்டு ஆட்டத்த நடத்தறேன்."

சுற்றிலும் இரண்டு வேன் ஆட்கள், நடுவில் என் அப்பா. கை காட்டினால் போலீஸ்காரர் போய் அவரைக் கையைப் பிடித்து இறக்குவார். மறுநாள் அதே பஸ்ஸில் அதே ஆட்களுக்கு அவர் டிக்கெட் கொடுக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். நாந்தான் நின்னுட்டேன்" என்றேன். கேப்டன் என்னைத் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. கோல் கோலாகவே நின்றது, ஆட்டம் சமனானது. பெனால்டியில் கோப்பையைக் கேரளத்துக்காரர்கள் கொண்டுபோனார்கள்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "ஏண்டா நின்ன? கையத் தூக்கிக்கிட்டு, பஸ்ஸ மறிக்கிறவன் மாதிரி." அந்தக் கூச்சலில் தன் விசிலும் ஒரு விசில் என்று அவர் நினைக்கவே இல்லை. கேட்ட கையோடு அந்தக் கொரியாக்காரனிடம் போய்விட்டார். "கால் புடிச்சிருக்கு, அப்படியே அனுப்ப முடியுமா? வாங்க தம்பி, வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்." கையைப் பிடித்து இழுத்தே வந்துவிட்டார். நான் வேனில் பின் சீட்.

எனக்கென்று அம்மா மீமிசல் கடற்கரையிலிருந்து வரவழைத்துச் சமைத்த நண்டு. அவன் ஒவ்வொரு காலாக உடைத்து, சதை சிதறாமல் எடுத்துச் சாப்பிட்டான். "எம்மகன் நண்டு தின்னா சட்டைய நாசம் பண்ணிருவான். இந்தப் புள்ளையப் பாருங்க, என்ன பதனமாத் திங்குது" என்றார் அம்மா. நண்டிலும் அவன்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா தைல பாட்டிலோடு தரையில் உட்கார்ந்தார். "காலக் குடுங்க தம்பி." பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவன் காலை நீட்டினான். இடது கால்.

நான் அந்தக் காலையே பார்த்தேன். மைதானத்தில் அவன் பிடித்துக்கொண்டது வலது கால். வெளியே வந்தபோது நொண்டியதும் வலது கால். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. என் அப்பா கம்பி வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்து, போனால் போகிறது என்று உட்கார்ந்திருக்கிறான். நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டதெல்லாம் அவன் ஆட்டத்துக்காக. இனி அவன் மனசுக்காகவும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டும். எனக்கு யார் செய்தார்கள் இதை? யாருக்காவது நான் செய்திருப்பேனா? அன்றைக்கு மாதிரி அவன்மேல் எனக்கு என்றைக்கும் ஆத்திரம் வந்ததில்லை.

அப்பா தேய்த்துக்கொண்டே சொன்னார். "இவருக்கு மட்டும் கால் புடிக்காம இருந்திருந்தா நம்ம ஜெயிச்சிருப்போம். இவரு உன்ன மாதிரி நின்னிருக்க மாட்டாரு. அவருகிட்ட சொல்லுடா."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

அவன் அப்பாவைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். விசில் தனக்கும் கேட்டதாம். அங்கே அவனே இருந்திருந்தாலும் நின்றிருப்பானாம். அதை அப்பாவிடம் சொல்லச் சொன்னான்.

"என்னடா சொல்றாரு?" என்றார் அப்பா.

"கால் தேவலையாம்ப்பா."

"பின்ன? நம்ம தைலம்னா சும்மாவா" என்று அப்பா இன்னும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார்.