சட்டப் பை மறுப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் கண்டக்டரிடம் தோற்றுப்போனேன்.

முப்பத்தாறு ஆண்டுகள் கோர்ட்டில் வாதாடியவனுக்குத் தோல்வி புதிதல்ல. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலிடம் தோற்பது வேறு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சக மாணவரிடம் தோற்பது வேறு.

மாணவரா என்று கேட்பீர்கள். ஆம். அறுபத்து மூன்று வயதில் தபால் வழியாக அரசியல் படித்துக்கொண்டிருக்கிறேன். பி.ஏ.வும் பி.எல்.லும் எப்போதோ வாங்கிவிட்ட மனிதருக்கு இன்னொரு பி.ஏ. எதற்கு? பம்பாயில் இருக்கும் என் மகனும் இதையேதான் கடிதத்தில் கேட்டிருந்தான். அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. உங்களுக்குச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலாண்டில் ஒரு தாள், 'அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் – ஓர் அறிமுகம்'. அறிமுகம்தானே என்று எண்ணினேன். பிரிட்டிஷ் பார்லிமென்ட் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம் அரசியல் சட்டத்தோடு காலமெல்லாம் பழகியிருக்கிறேன். அமெரிக்காவைப் பற்றியோ, சென்ற ஆண்டு அவர்களுடைய ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய செய்தியை ரேடியோவில் கேட்டதோடு சரி.

பாடத்தைப் பிரித்தால்... ஒன்றும் பிடிபடவில்லை. மந்திரிகள் சபையில் உறுப்பினராக இருக்கக் கூடாதாம். ஜனாதிபதி சபையைக் கலைக்க முடியாதாம். சபையும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்க முடியாதாம். பிடிக்காத சம்பந்தி வீட்டில் நாலு வருஷம் தங்கியிருப்பது போன்ற ஏற்பாடு. இதை எழுதியவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்களா, நம்பவில்லையா? இரண்டாம் முறை படித்தபோது குழப்பம் இரண்டு மடங்காயிற்று.

தபாலில் படிப்பவர்களுக்காகக் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் நேர்முக வகுப்பு நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்காலை எங்கே வைப்பது என்பதே முதல் பாடம்.

"வாங்கய்யா. இங்குட்டு உக்காருங்க, அங்குட்டு வெயில் அடிக்கும்" என்று இடம்விட்டவர் முத்துக்கருப்பன். பிள்ளையார்பட்டி போகும் பஸ்ஸில் கண்டக்டர். அவர் கையால் எத்தனையோ முறை டிக்கெட் வாங்கியிருக்கிறேன். ஏட்டுப் படிப்பு என் பக்கம், சந்தேகம் கேட்கும் தைரியம் அவர் பக்கம்.

பாடம் நடத்துபவர் செல்வராஜ் என்ற இளம் விரிவுரையாளர். என்னை 'ஐயா' என்கிறார். ஆசிரியரே மாணவனை ஐயா என்பதால் வகுப்பு ஒவ்வொரு முறையும் சிரிக்கிறது. நான் 'சார்' என்றால் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது.

முத்துக்கருப்பன் எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். ஜனாதிபதி ஒரு கட்சி. சபையில கூடுதலா ஆளு வச்சிருக்கிறது இன்னொரு கட்சி. அப்ப ஆளுங்கட்சி எது சார்?"

"ரெண்டையும் அப்படிச் சொல்ல முடியாது."

"ரெண்டும் எதிர்க்கட்சியா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"அப்ப வண்டிய யாரு சார் ஓட்டுறது? ஆளுக்கு ஒரு பிரேக்கு மட்டும் குடுத்து உக்கார வச்சிருக்காக!"

"அதைத்தான் தடைகளும் சமநிலைகளும்னு சொல்றோம். எழுதிக்கிருங்க" என்றார் செல்வராஜ். எழுதிக்கொண்டோம். வேறென்ன செய்ய?

அடுத்த தலைப்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஸ்டென்சில் வெட்டி ஸைக்ளோஸ்டைலில் நகலெடுத்துத் தபாலில் வந்த பாடத்தில் 'சட்டப் பை மறுப்பு' என்று இருந்தது. "யாராவது விளக்குறீங்களா?" என்று செல்வராஜ் கேட்டதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எழுந்தேன். வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். லண்டனில் சபாநாயகரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். உறுப்பினர்கள் மனுக்களை அதில் இடுவார்கள். அதைப் போலவே அமெரிக்காவிலும் மசோதாக்களைப் போட்டுவைக்க ஒரு சட்டப் பை இருக்க வேண்டும் என்றும், அதற்குள் போனது திரும்பாது என்றும், ஆதாரங்களோடு ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஐயா, தப்பா நெனைக்காதீக" என்றது பக்கத்துக் குரல். "அது சட்டப் பை இல்ல. சட்டைப் பை. ஸ்டென்சில் வெட்டுனவுக ஐகாரத்த விட்டுட்டாக."

செல்வராஜ் தலையசைத்தார்.

முத்துக்கருப்பன் தம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "எங்க மேனேஜர்ட்ட பொங்கலுக்கு லீவு எழுதிக் குடுத்தா ஆமான்னும் சொல்ல மாட்டாரு, இல்லேன்னும் சொல்ல மாட்டாரு. மடிச்சு இந்தாக்குள்ள வச்சுக்கிருவாரு. பொங்க முடிஞ்சு போயிரும். அதானே சார் இது?"

"அதேதான்" என்றார் செல்வராஜ்.

வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன். ஒற்றை ஐகாரம் விழுந்த இடத்தில் நான் லண்டன் வரைக்கும் போய் வந்திருக்கிறேன்!

பிறகு செல்வராஜ் விதியைச் சொன்னார். சபைகள் நிறைவேற்றிய மசோதா ஜனாதிபதியிடம் வருகிறது. அவர் கையெழுத்திடலாம், காரணம் சொல்லித் திருப்பியும் அனுப்பலாம். இரண்டும் செய்யாமல் சும்மாவும் இருக்கலாம். ஞாயிறு நீக்கிப் பத்து நாள் அவகாசம். அதற்குள் சபை தன் கூட்டத்தை முடித்துக் கலைந்து போய்விட்டால் மசோதா அவர் பையிலேயே செத்துவிடும். சபை தொடர்ந்து கூடியிருந்தால்? கையெழுத்து இல்லாமலேயே அது சட்டமாகிவிடும்.

எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டான். "சார், இரண்டு சமயத்திலும் அவர் செய்தது ஒன்றுதான். ஒன்றுமே செய்யாமல் இருந்தார். அது எப்படி ஒருமுறை சம்மதமாகவும் ஒருமுறை மறுப்பாகவும் ஆகும்?"

"சபை இருக்கா, கலைஞ்சிருச்சாங்கிறதைப் பொறுத்தது ஐயா."

"அவர் மனத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லையா?"

"சட்டம் அதைக் கேக்காதுங்க ஐயா."

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் நடத்தியது எதுவும் என் நோட்டில் இல்லை.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் 'எங்கள் வீட்டில்' என்று நான் குறிப்பிட்டு வந்தவர் சில மாதங்களாக ஏன் வருவதில்லை என்று வாசகர்கள் சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். என் மனைவி சிவகாமி மாசி மாதம் காலமானார். இதுவரை எழுதாததற்கு மன்னிக்கவும்.

அதற்கு முந்திய ஆண்டு ஒரு நாள் காலையில் அவர் என் மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். தபால் வழிப் படிப்புக்கான விண்ணப்பப் படிவம். பள்ளியிறுதியோடு நின்றவர். பிள்ளைகள் தத்தம் வழியில் போன பின் அரசியல் படிக்க வேண்டும் என்று ஆசை. எல்லாவற்றையும் தம் கையால் நிரப்பியிருந்தார். அடியில் 'தந்தை அல்லது கணவர் ஒப்புதல்' என்று ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தக் கோடு எதற்கு என்று சட்டம் படித்தவன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆட்சேபம் உண்டா? இல்லை. விருப்பம் உண்டா? அதுவும் தெரியவில்லை. அன்று கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சலவைக்குப் போகும் சட்டையிலிருந்து என் பேனாவையும் கண்ணாடியையும் காகிதங்களையும் எடுத்து மறுநாள் சட்டையில் வைப்பது அவர் வழக்கம். அந்தப் படிவமும் சட்டை மாறி, சட்டை மாறி என்னோடு கோர்ட்டுக்கு வந்தது. அதை மாற்றி வைத்தது அவர் கைதான். ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசித் தேதி கடந்து போயிற்று. அதற்குப் பிறகும் சில நாள் அது பையில் வந்ததாக ஞாபகம்.

இவ்வாண்டு மறுபடி விளம்பரம் வந்தபோது என் பெயரில் விண்ணப்பித்தேன். அவருக்குப் பதிலாகவா? தண்டனையாகவா? தெரியாமல்தான் சேர்ந்தேன்.

மறுக்கத் துணியாத மனிதரை நம் ஊரில் நிதானமானவர் என்கிறோம். நான் நிதானமானவன் என்று நல்ல பெயர் எடுத்தவன்.

இப்போது என் கேள்வி ஒன்றே. என் மௌனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடாத நாளுமில்லை. அப்படியானால் எங்கள் சபை கூடியேதான் இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி பதினோராம் நாளே அவர் ஜெயித்துவிட்டார். ஆனால் அது அவருக்குத் தெரியுமா? அல்லது நான் மறுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு...

திங்கட்கிழமை கோட்டையூருக்குப் போனேன். சிவகாமியின் தங்கை வள்ளி அங்கே இருக்கிறார். அக்காளும் தங்கையும் ஒன்றையும் ஒளித்ததில்லை.

"வாங்கத்தான். இந்த வெயில்ல பஸ்லயா வந்தீக? சொல்லிவிட்டா வண்டி அனுப்ப மாட்டேனா?"

சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. "உங்க அக்கா படிக்கணும்னு ஒரு ஃபாரம் வாங்கினா, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? என்னையும் சேரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. எங்க வீட்டுச் சட்டமே எனக்கு வெளங்கல, இதுல ஊரு ஒலகத்துச் சட்டம் எதுக்குன்னேன்."

"நான் கையெழுத்துப் போடல, வள்ளி."

"தெரியும்."

"நான் வேண்டாம்னு சொன்னதா நெனச்சாளா?"

வள்ளி காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நானும் கேட்டேன். என்னக்கா, அத்தான் வேணாம்னுட்டாகளான்னு. அதெல்லாம் இல்லடி, அவுக படிச்சுக்கிட்டு இருக்காகன்னுச்சு."

"எதை?"

"ஃபாரத்தைத்தான். ஒத்தத் தாளை எம்புட்டு நாளைக்கக்கா படிப்பாகன்னேன். வக்கீல்ல, புள்ளி விடாமப் படிப்பாகன்னு ஒரே சிரிப்பு. கடைசியா மதுரை ஆசுபத்திரியில கெடந்தப்பவும் கேட்டேன். அதையேதான் சொல்லுச்சு. இன்னும் முடிக்கலடின்னு."

சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. சிவகாமி கணக்கில் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு அமெரிக்கர்களின் சட்டத்தில் இடம் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். சிவகாமி குறிக்கவில்லை.

"அது கெடக்கட்டும்" என்றார் வள்ளி. "இப்ப நீங்க சொல்லுங்கத்தான். ஒரு நா அக்கா நேரா நின்னு கேட்டிருந்தா போட்டிருப்பீகளா, மாட்டீகளா?"

வாயைத் திறந்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் வந்தது.

வள்ளி என்னைப் பார்த்தார். கோபமில்லை. "யோசிங்க. காப்பி ஆறுது."

போட்டிருப்பேன் என்று இந்த இடத்தில் எழுதி முடித்துவிடலாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள் – அதனால்தான் எழுதவில்லை.